ஒரே பைதான், பல செயலாக்கங்கள்: ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆயிரக்கணக்கான தமிழ் உரைக்கோப்புகளைத் திறந்து, சொற்களை எண்ணிப் பட்டியலிடும் பைதான் நிரல் ஒன்று என்னிடம் இருந்தது. பல ஆண்டுகள் பிசகாமல் ஓடியது. கோப்புகள் பெருகப் பெருக நேரமும் கூடிக்கொண்டே போனதால், ஒரு நாள் அதை, பைதான் நிரல்களை ஓட்டும் பைபை என்ற வேறொரு மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். தொடங்கிய சிறிது நேரத்திலேயே, அளவுக்கு மேல் கோப்புகள் திறந்து கிடக்கின்றன என்ற பிழைச் செய்தியோடு நின்றுவிட்டது. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. மொழியும் அதே பைதான்தான். அதை ஓட்டிய செயலாக்கம் மட்டுமே வேறு.

ஒரு மொழியின் இரண்டு செயலாக்கங்களை ஒப்பிடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் 'எது வேகம்?' என்றுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 'என் நிரல் எதை நம்பி நிற்கிறது? மொழி தரும் உறுதியையா, ஒரு செயலாக்கத்தின் பழக்கத்தையா?' என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன்.

மொழி வேறு, செயலாக்கம் வேறு

பைதான் என்பது இலக்கண விதிகளும் பொருள் விதிகளும் கொண்ட ஒரு மொழி. அந்த விதிகளைப் படித்து நிரலை ஓட்டிக் காட்டும் மென்பொருளைத்தான் இங்கே செயலாக்கம் என்கிறேன். பைதான் வலைத்தளத்திலிருந்து நாம் பதிவிறக்குவது சிபைதான். சி மொழியில் எழுதப்பட்டது. கீடோ வான் ரோஸம் 1989 இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்டதன் நேரடி வாரிசு இதுதான். மொழியும் செயலாக்கமும் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்ததால், எது எங்கே முடிகிறது என்ற எல்லை பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சி மொழிக்கு இருப்பதுபோல் பன்னாட்டுத் தர அமைப்பின் ஆவணமும் பைதானுக்கு இல்லை. இருப்பது மொழிக் கையேடு. அதை நிதானமாகப் படித்தால், சில இடங்களில் 'இது சிபைதான் செயலாக்கத்தின் விவரம்' என்ற தனிக்குறிப்பு இருப்பதைக் காணலாம். ஒப்பிடும் வேலையில் இறங்கும் முன் அந்தக் குறிப்புகளைத் தேடிப் படித்துவிடுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.

எல்லை எப்படி நகர்கிறது என்பதற்கு, பெயரையும் அதற்குரிய மதிப்பையும் இணைத்து வைக்கும் டிக்ஷனரியின் கதை நல்ல சான்று. டிக்ஷனரியில் போட்ட வரிசையிலேயே உறுப்புகள் திரும்பி வரும் என்று நெடுங்காலம் யாரும் உறுதி தரவில்லை. அதைக் கச்சிதமாகவும் வரிசை மாறாமலும் வைக்கும் வடிவமைப்பை, பைதான் உருவாக்குநர்களில் ஒருவரான ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012இல் முன்வைத்தார். முதலில் அதைச் செய்து காட்டியது பைபை, 2015இல். சிபைதான் 2016இல் 3.6 பதிப்பில் அதை எடுத்துக்கொண்டது, ஆனால் செயலாக்க விவரமாக மட்டும். 3.7 பதிப்பில்தான் அது மொழியின் உறுதிமொழி ஆனது. சிறு மின்னணுப் பலகைகளுக்கான மைக்ரோபைதானின் சாதாரண டிக்ஷனரியோ இன்றும் அந்த வரிசையைக் காப்பதில்லை. ஆக, ஒரே நிரல் மூன்று இடங்களில் மூன்று வகை நம்பிக்கையின்மேல் ஓடுகிறது.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'பைபை நல்லதா?' என்பதற்கு விடை கிடையாது. 'தினமும் இரவு ஓடும், இரண்டு மணி நேரம் எடுக்கும், தூய பைதானில் எழுதிய இந்தக் கணக்கீட்டை எதில் ஓட்டினால் விரைவாக முடியும்?' என்பதற்கு விடை உண்டு. அரை நொடியில் முடியும் கட்டளை, மாதக்கணக்கில் ஓடும் சர்வர், சிறு மின்னணுப் பலகையில் ஓடும் நிரல் ஆகிய மூன்றுக்கும் விடை மூன்று விதமாக இருக்கும். வாக்கியத்தைத் தாளில் எழுதி மேசையில் வையுங்கள். பின்னால் வரும் எண்கள் கவனத்தை வேறு பக்கம் இழுக்கும்போது அதுதான் பிடிமானம்.

படி 2: களத்தில் இருப்பவர்களைப் பிரித்தறியுங்கள்

பெயரில் பைதான் ஒட்டியிருப்பதெல்லாம் தனிச் செயலாக்கம் அல்ல. அனகோண்டா என்பது சிபைதானையும் லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. சைதான், பைதானை ஒத்த நிரலை சி மொழிக்கு மாற்றி சிபைதானோடு இணைக்கும் கம்பைலர். நம்பா, சிபைதானுக்குள் கணக்கீடுகளை விரைவுபடுத்தும் ஒரு லைப்ரரி. பையோடைடு, பிரவுசருக்குள் ஓடும்படி வெப்அசெம்ப்ளியாகக் கம்பைல் செய்த சிபைதானேதான். இவையெல்லாம் பயனுள்ளவை. ஆனால் ஒப்பீட்டில் இவற்றை ஒரே தட்டில் வைத்தால் கணக்கு குழம்பிவிடும்.

உண்மையான தனிச் செயலாக்கங்களில் சிபைதானுக்கு அடுத்து முதலில் கருத வேண்டியது பைபை. ஆர்பைதான் என்ற, பைதானின் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு வடிவத்தில் எழுதப்பட்டது. ஓடும்போதே அடிக்கடி சுற்றும் பகுதிகளை இயந்திரக் குறியீடாக மாற்றும் ஜிட் கம்பைலர் கொண்டது. ஆரக்கிளின் கிரால்விஎம் தளத்தின்மேல் கிரால்பை ஓடுகிறது. ஜாவா உலகுக்கு ஜைதான், டாட்நெட் உலகுக்கு அயர்ன்பைதான். இரண்டையும் தொடங்கியவர் ஜிம் ஹுகுனின் என்ற ஒருவரே. ஜைதான் இன்னும் 2.7 பதிப்பிலேயே நிற்கிறது. உங்கள் நிரல் பைதான் 3 என்றால் அதை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அயர்ன்பைதான் 3.4 பதிப்புக்கு இணையான வெளியீட்டை 2022 இறுதியில் தந்தது. அதற்குப் பின்வந்த பதிப்புகளின் வசதிகள் எல்லாம் அதில் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 3: பதிப்பைச் சமப்படுத்துங்கள்

சிபைதான் என்பதும் ஒரே பொருள் அல்ல. 2022 அக்டோபரில் வந்த 3.11, அதற்கு முந்தைய 3.10ஐவிட பைபெர்ஃபார்மன்ஸ் சோதனைத் தொகுப்பில் சராசரியாக 1.25 மடங்கு வேகமானது என்று அதன் வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. பழைய 3.8ஐயும் புதிய பைபையையும் எதிரெதிரே நிறுத்தி எழுதப்பட்ட ஒப்பீடுகள் இன்றைக்கு உதவாததற்கு இதுதான் காரணம்.

பைபைக்கு இரண்டு எண்கள் உண்டு. 7.3 என்று தொடங்குவது அதன் சொந்த வெளியீட்டு எண். அது எந்தப் பைதான் பதிப்பைப் பின்பற்றுகிறது என்பது வேறு எண். இரண்டாவதைத்தான் சிபைதான் பதிப்போடு பொருத்த வேண்டும். எந்தச் செயலாக்கத்தில் ஓடுகிறீர்கள் என்பதை நிரலுக்குள்ளேயே கேட்டறியலாம்: ஸிஸ் மாட்யூலின் இம்ப்ளிமென்டேஷன் பண்பு பெயரையும் பதிப்பையும் தரும். அதை ஒவ்வொரு சோதனை வெளியீட்டின் முதல் வரியாக அச்சிடுங்கள். இரண்டு வாரம் கழித்து 'இந்த எண் எதில் வந்தது?' என்று திகைக்காமல் இருக்க இந்த ஒரு வரி போதும்.

சிபைதானை நீங்களே கம்பைல் செய்திருந்தால், மேம்படுத்தும் தெரிவுகளை இயக்கினீர்களா என்று பாருங்கள். லினக்ஸ் தொகுப்புகளில் பொதுவாக அவை இயக்கப்பட்டிருக்கும். கையால் வெறுமனே கட்டியதில் இருக்காது. அதை வைத்து அளந்தால் சிபைதானுக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

படி 4: வேகத்துக்கு முன் சரியான விடை

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். உங்கள் சோதனைத் தொகுப்பு முழுவதையும் ஒவ்வொரு செயலாக்கத்திலும் ஓட்டுங்கள். சோதனைகள் எழுதப்படவில்லை என்றால், ஒரே உள்ளீட்டைக் கொடுத்து வெளியீட்டுக் கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் கீழே சொல்லும் இடங்களில் முதலில் தேடுங்கள்.

முதலாவது, என் நிரலைக் கவிழ்த்த கோப்பு விவகாரம். சிபைதான் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணி வைத்திருக்கிறது. அந்த எண்ணிக்கை சுழியானதும் பொருளை அப்போதே அழிக்கிறது. அது கோப்பு என்றால் அதுவும் மூடப்படுகிறது. பைபை அப்படி எண்ணுவதில்லை. அவ்வப்போது நினைவகத்தைத் துப்புரவு செய்யும்போதுதான் பயனற்ற பொருள்கள் போகின்றன. நான் கோப்பைத் திறந்தேன், படித்தேன், மூடவில்லை. சிபைதான் இத்தனை ஆண்டுகள் எனக்காக மூடிக்கொண்டிருந்தது. மொழி அப்படி உறுதி தரவே இல்லை. கோப்பு, நெட்வொர்க் இணைப்பு, தரவுத்தள இணைப்பு எல்லாவற்றையும், வேலை முடிந்ததும் தானே மூடிவிடும் 'வித்' கூற்றுக்குள் திறந்தால் இந்தச் சிக்கல் எங்கேயும் எழாது. பொருள் அழியும்போது ஓட வேண்டிய 'டெல்' மெத்தடை நம்பி எழுதிய நிரலுக்கும் இதே கதிதான்.

இரண்டாவது, இரண்டு பெயர்களும் ஒரே பொருளைத்தான் சுட்டுகின்றனவா என்று பார்க்கும் 'இஸ்' ஒப்பீடு. சிபைதான் நெடுங்காலமாக −5 முதல் 256 வரையிலான முழு எண்களை முன்கூட்டியே உருவாக்கிப் பகிர்ந்துகொள்கிறது. அதனால் சிறு எண்களை 'இஸ்' கொண்டு ஒப்பிட்டாலும் சரியாக வருவதுபோல் தோன்றும், பெரிய எண்ணில் தவறும். பைபையில் முழு எண்களுக்கு 'இஸ்' என்பது மதிப்பைத்தான் பார்க்கிறது. எந்த எண்ணானாலும் சமம் என்றால் சமம். எண்களையும் எழுத்துச் சரங்களையும் இரட்டைச் சமக்குறியால் மட்டும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, சுற்றுக்குள் += போட்டுச் சரத்தை நீட்டிக்கொண்டே போவது. சுட்டுபவர் ஒருவரே என்று தெரிந்தால் சிபைதான் அதே இடத்தில் நீட்டிவிடும். எண்ணிக்கை வைத்திராத பைபையால் அது முடியாது, ஒவ்வொரு முறையும் முழுச் சரத்தையும் நகலெடுக்கும். சரம் நீள நீள வேலை இருபடியாகப் பெருகும். துண்டுகளைப் பட்டியலில் சேர்த்து, கடைசியில் ஜாயின் மூலம் ஒட்டினால் இரண்டிலும் நன்றாக ஓடும்.

தமிழ் உரையோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியெண்கள். நீளத்தைக் கேட்டால் எல்லாச் செயலாக்கங்களும் 5 என்றே சொல்லும், அது மொழி விதி. அந்த ஐந்தை உள்ளே எப்படி வைக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. சிபைதான் 3.3 பதிப்பிலிருந்து, சரத்தில் உள்ள மிகப் பெரிய குறியெண்ணைப் பொறுத்து ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒன்று, இரண்டு அல்லது நான்கு பைட் ஒதுக்குகிறது. தமிழுக்கு இரண்டு, ஆக 10 பைட். ஆனால் நீண்ட தமிழ்க் கட்டுரை ஒன்றில் ஒரே ஒரு எமோஜி நுழைந்தாலும் அந்தச் சரம் முழுவதும் நான்கு பைட்டுக்கு விரிந்துவிடும். பைபை 2019இல் வந்த 7.1 வெளியீட்டிலிருந்து சரங்களை யுடிஎஃப்-8 என்ற, குறியெண்ணுக்கு ஏற்ப நீளம் மாறும் வடிவிலேயே வைக்கிறது. தமிழில் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட், ஆக 15. எமோஜி வந்தால் அதற்கு மட்டும் நான்கு. கோப்பு யுடிஎஃப்-8இல் இருந்தால், படிக்கும்போது வடிவம் மாற்றும் வேலையும் இல்லை. மைக்ரோபைதானும் யுடிஎஃப்-8தான். ஆனால் ஆயிரமாவது எழுத்தைக் கேட்டால் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வரும். எழுத்தெழுத்தாக இடம் சுட்டி ஓடும் நிரலை அதில் எழுதினால் வேகம் படுத்துவிடும். ஆங்கில உரையை வைத்து யாரோ அளந்த எண்களை நம் வேலைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

படி 5: லைப்ரரிகளைச் சோதியுங்கள்

நிரல் இறக்குமதி செய்யும் ஒவ்வொரு லைப்ரரியையும் எழுதி, அது தூய பைதானா, சி மொழிப் பகுதி உள்ளதா என்று பக்கத்தில் குறியுங்கள். சி பகுதி உள்ளவை சிபைதானின் உள்ளமைப்பை நோக்கி எழுதப்பட்டவை. பைபை அந்த உள்ளமைப்பைப் போலச் செய்து காட்டுகிறது. பெரும்பாலும் ஓடும், ஆனால் ஒவ்வொரு முறை எல்லை தாண்டும்போதும் சுங்கம் கட்ட வேண்டும். எண் கணக்கீட்டு லைப்ரரியான நம்பையின் அணிகளில் ஒவ்வொரு உறுப்பையும் பைதான் சுற்றில் தொடும் நிரல் பைபையில் மெதுவாகப் போகக்கூடும். நேரத்தில் பெரும்பகுதி நம்பைக்குள்ளேயே கழிகிறது என்றால் செயலாக்கத்தை மாற்றுவதால் பெரிய லாபம் இராது. இந்தப் படியிலேயே பலருடைய ஒப்பீடு முடிந்துவிடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

படி 6: நேரத்தை அளக்கும் முறை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பொருந்தாது. ஃபிபனாச்சி எண்ணைத் தன்னழைப்பில் கணக்கிடும் ஒரே ஒரு சிறு நிரலை வைத்து முடிவு சொல்லும் ஒப்பீடுகளை நம்பாதீர்கள். உங்கள் சொந்த நிரலையே, உண்மையான தரவோடு அளந்து பாருங்கள். துணைக்கு வேண்டுமானால் மூன்று நான்கு சிறு பகுதிகளைப் பிரித்து அளக்கலாம்.

ஜிட் உள்ள செயலாக்கம் தொடக்கத்தில் மெதுவாகத்தான் இருக்கும். பைபையின் இயல்பான அமைப்பில் ஒரு சுற்று 1039 முறை ஓடிய பிறகே அது இயந்திரக் குறியீடாக மாற்றத் தகுதி பெறுகிறது. ஆகவே இரண்டு எண்கள் வேண்டும்: தொடக்கத்திலிருந்து முடிவு வரையான மொத்த நேரம், சூடேறிய பிறகு, அதாவது அந்த மாற்றம் முடிந்த பிறகு, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம். படி 1இல் எழுதிய வாக்கியம் எதைக் கேட்கிறதோ அந்த எண்ணைப் பாருங்கள். அரை நொடிக் கட்டளைக்குச் சூடேறிய வேகத்தால் ஒரு பயனும் இல்லை.

நேரம் அளக்க பைதானோடு சேர்ந்தே வரும் டைம்இட் கருவி எல்லோர் கையிலும் இருப்பது. ஆனால் கட்டளை வரியில் சிபைதானின் டைம்இட் பல ஓட்டங்களில் மிகக் குறைந்த நேரத்தைச் சொல்கிறது. பைபையின் டைம்இட் சராசரியையும் விலகலையும் சொல்கிறது, கூடவே இந்தக் கருவியை நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கவும் செய்கிறது. இரண்டு வெளியீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒருவரின் சிறந்த நாளையும் இன்னொருவரின் சராசரி நாளையும் ஒப்பிடுவதாகிவிடும். போதாததற்கு, அளக்கும்போது நினைவகத் துப்புரவை டைம்இட் இயல்பாகவே நிறுத்தி வைக்கிறது.

பைபெர்ஃப் என்ற கருவி இதற்கு நல்ல மாற்று. சிபைதானில் அது இயல்பாக 20 தனித்தனிப் பிராசஸ்களில் அளந்து, எண்கள் நிலையாக இல்லை என்றால் அதையும் சொல்லும். தனிப் பிராசஸ்கள் ஏன்? சரங்களை விரைவாகத் தேட பைதான் கணக்கிட்டு வைக்கும் ஹேஷ் என்ற எண் ஒவ்வொரு பிராசஸிலும் மாறுகிறது. ஒரே பிராசஸில் நூறு முறை அளந்தாலும் ஒரே தற்செயலைத்தான் நூறு முறை அளக்கிறோம்.

அளக்கும்போது மடிக்கணினியை மின்சாரத்தில் செருகுங்கள், பிரவுசரை மூடுங்கள், இரண்டு செயலாக்கங்களையும் மாறி மாறி ஓட்டுங்கள். முதலில் சிபைதானைப் பத்து முறை, பிறகு பைபையைப் பத்து முறை என்று ஓட்டினால், சூடான கணினியின் சுமை முழுவதும் இரண்டாமவர் தலையில் விழும். கணக்கிட்ட விடையை எங்காவது பயன்படுத்துங்கள், குறைந்தது அச்சிடவாவது செய்யுங்கள். விடை யாருக்கும் தேவையில்லை என்று ஜிட் கண்டுகொண்டால் கணக்கையே நீக்கிவிடும். நீங்கள் வெற்றுச் சுற்றை அளந்துகொண்டிருப்பீர்கள்.

பல சோதனைகளின் விகிதங்களைச் சேர்க்கும்போது கூட்டுச் சராசரி வேண்டாம். ஒரு சோதனையில் 'அ' என்ற செயலாக்கம் 'ஆ'வைவிட இருமடங்கு வேகம், இன்னொன்றில் பாதி வேகம் என்று வையுங்கள். 2, 0.5 இரண்டின் கூட்டுச் சராசரி 1.25. விகிதத்தைத் தலைகீழாக்கி 'ஆ'வின் பக்கமிருந்து பார்த்தாலும் அதே 1.25 வரும். இருவருமே மற்றவரைவிட வேகம் என்று ஆகிறது! இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் பெருக்குச் சராசரி சரியாக 1 என்று சொல்லும்.

படி 7: நினைவகத்தை வெளியிலிருந்து அளந்து பாருங்கள்

ஒரு பொருள் எத்தனை பைட் என்று சொல்லும் ஸிஸ் மாட்யூலின் கெட்சைஸ்ஆஃப் பைபையில் பிழை எறியும். தவறான எண்ணைத் தருவதைவிட அது மேல் என்பது அதை உருவாக்கியவர்களின் முடிவு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. இயக்குதளம் சொல்லும் அதிகபட்ச நினைவகப் பயன்பாட்டைப் பாருங்கள். பைபை அதிகம் தின்னும் என்ற பேச்சு பாதி உண்மை. ஜிட் உருவாக்கும் குறியீட்டுக்கும் துப்புரவுக்கும் இடம் வேண்டும் என்பதால் சிறு நிரலில் அது கூடுதலாகவே எடுக்கும். ஆனால் பத்து லட்சம் வெவ்வேறு முழு எண்கள் கொண்ட பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 64 பிட் சிபைதானில் ஒவ்வொரு எண்ணும் 28 பைட் கொண்ட தனிப் பொருள், பட்டியலில் அதைச் சுட்ட 8 பைட். ஏறத்தாழ 36 எம்பி. எல்லாம் முழு எண்கள் என்று கண்டுகொள்ளும் பைபை, வெறும் 8 பைட் எண்களாகவே அடுக்கிவிடும்; ஏறத்தாழ 8 எம்பி.

படி 8: பல த்ரெட்கள் வேண்டுமா?

ஒரே நிரலுக்குள் பல வேலைகளை இணையாக ஓட்டப் பயன்படுபவை த்ரெட்கள். வேண்டாம் என்றால் தாண்டிச் செல்லுங்கள். வேண்டும் என்றால்: சிபைதானின் வழக்கமான கட்டமைப்பிலும் பைபையிலும் ஜில் என்ற பூட்டு இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைதான் குறியீட்டை ஓட்ட முடியும். ஜைதானிலும் அயர்ன்பைதானிலும் அந்தப் பூட்டு கிடையாது. சிபைதான் 2024இல் 3.13 பதிப்போடு பூட்டில்லாத தனிக் கட்டமைப்பைச் சோதனை முறையில் தந்தது, 2025இன் 3.14இல் அது முறையான ஆதரவு பெற்றது. ஒற்றை த்ரெட்டில் அது 5 முதல் 10 விழுக்காடு வரை மெதுவாகும் என்று 3.14இன் வெளியீட்டுக் குறிப்பு கூறுகிறது. எனவே இப்போது சிபைதானையே இரண்டு போட்டியாளர்களாக எண்ணி அளக்க வேண்டும்.

படி 9: சிறு பலகைகளுக்குத் தனி அளவுகோல்

டேமியன் ஜார்ஜ் 2013இல் தொடங்கிய மைக்ரோபைதானை மடிக்கணினியில் சிபைதானோடு ஓட்டி வேகம் பார்ப்பது பொருளற்றது. 256 கேபி குறியீட்டு இடத்திலும் 16 கேபி ரேமிலும் ஓடும் வகையில் அமைக்கப்பட்ட செயலாக்கம் அது. 264 கேபி ரேம் கொண்ட ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையில் சிபைதானுக்கு இடமே இல்லை. இங்கே கேட்க வேண்டியவை: வேண்டிய மாட்யூல்கள் இருக்கின்றனவா, நிரல் ஏறிய பின் எவ்வளவு ரேம் மிஞ்சுகிறது, பின்ன எண்களின் துல்லியம் போதுமா? பல பலகைகளில் பின்ன எண்கள் 32 பிட் மட்டுமே. ஏழு இலக்கத்துக்கு மேல் நம்ப முடியாது. அட்சரேகை, தீர்க்கரேகை கணக்கிடுபவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் புள்ளி வேறு இடத்தில் போய் விழும்.

படி 10: முடிவைத் தேதியோடு எழுதி வையுங்கள்

சிபைதான் ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு பதிப்பை வெளியிட்டு, அதற்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. மற்றச் செயலாக்கங்கள் அதைப் பின்தொடர்ந்து வருகின்றன. அவற்றில் உழைப்போர் மிகக் குறைவு என்பதால் இடைவெளி தவிர்க்க முடியாதது. கடைசி வெளியீடு எப்போது, எந்தப் பதிப்பு வரை வந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிரல், எந்தத் தரவு, எந்தக் கணினி, எந்தப் பதிப்புகள், என்ன எண்கள், என்ன முடிவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, நிரலோடு சேர்த்தே வையுங்கள். அடுத்த அக்டோபரில் அதே சோதனையை அப்படியே மீண்டும் ஓட்டலாம்.

என் சொல் எண்ணும் நிரலில் எல்லாக் கோப்புகளையும் 'வித்' கூற்றுக்குள் கொண்டுவந்தேன், += போட்ட இரண்டு இடங்களை ஜாயினாக மாற்றினேன். இப்போது இரவு நேர எண்ணிக்கையை பைபை செய்கிறது. ஒரு கோப்பை மட்டும் சரிபார்க்கும் சிறு கட்டளை சிபைதானிலேயே இருக்கிறது. சோதனைத் தொகுப்பை ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டிலும் ஓட்டுகிறேன்.